வண்டி நம்பர் 1420

விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரம் நாலே ஸ்டேஷன் என்று ஊரிலேயே படித்துவிட்டு வந்திருந்தேன். படித்து என்ன புண்ணியம்? முதலில் வந்த மின்சார ரயிலில் பெட்டியைத் தூக்கிப் போட்டு ஏறி, விரல்விட்டு நாலு ஸ்டேஷன் எண்ணி இறங்கினேன். பலகையில் கிண்டி என்று எழுதியிருந்தது. கூட இறங்கிய பூக்கூடைக்கார அம்மாவிடம், "இது தாம்பரம் இல்லையா?" என்று கேட்டேன். "தாம்பரமா? நீ ரிவர்ஸ்ல வந்துகினு கீறம்மா!" என்றவர், என் கையைப் பிடித்து எதிர் நடைமேடைக்குப் போகிற படிக்கட்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

ஐம்பத்திரண்டு வயது அறிவியல் ஆசிரியை செய்கிற வேலையா இது? என் மாணவர்களிடம் சொன்னால் ஒரு வருடம் சிரிப்பார்கள். ஆனால் அன்று என் புத்தி என்னிடம் இல்லை. உண்மையைச் சொன்னால் ஆறு வாரமாகவே இல்லை.

என் பெயர் தேவகி. மலேசியாவில் தைப்பிங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கஸ்தூரி பெருங்களத்தூரில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். என் வயதுதான். கணக்கு டீச்சராக இருந்து, கணவர் போனபிறகு வேலையை விட்டவள். வானொலி அலைகளை வைத்து வானத்துக்குக் காது கொடுக்கிற ஆர்வலர்களின் இணையக் குழு ஒன்றில் நாலு வருடத்துக்கு முன் பழக்கமானோம். இதுவரை முகம் பார்த்ததில்லை. இரண்டு பேருக்குமே வீடியோ போட்டுப் பேசுவது பிடிக்காது. எல்லாம் குரல்தான். சனிக்கிழமை சாயங்காலம் போனில் வருவாள், ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன், என் அறிவியல் மன்றப் பிள்ளைகள் பதினெட்டு பேரும் சுற்றி உட்கார்ந்து அவளைக் கேள்வி கேட்டுக் குடைவார்கள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு கேள்வி பற்றிய புத்தகம். வானத்தில் இத்தனை கோடி நட்சத்திரம் இருக்கிறது, அவற்றைச் சுற்றிக் கிரகங்கள் இருக்கின்றன, பிறகு ஏன் அங்கிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை? அறிவுள்ள உயிர் வேறு எங்காவது இருந்தால் ஏன் இன்னும் நம் கண்ணிலோ காதிலோ படவில்லை? என் கட்சி எளிமையானது. ஆளே இல்லை, அவ்வளவுதான். கஸ்தூரி ஒத்துக்கொள்ள மாட்டாள். "தாம்பரம் ஸ்டேஷன் வாசல்ல ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு, எங்க மாமா சென்னையிலயே இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு நீ பேசறது" என்பாள். நாம் தேடியது கொஞ்சம், தூரம் அதிகம், அவர்கள் பேசுகிற காலமும் நாம் கேட்கிற காலமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதி அனுப்புவாள்.

கடைசியாக அவள் அனுப்பியது பயம் பற்றிய அத்தியாயம். அவர்கள் இருக்கிறார்கள், நாம் கூப்பிடுவது கேட்கிறது, ஆனால் கூப்பிடுவது யார் என்று தெரியாததால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். விளக்கை அணைத்துவிட்டு, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நிற்கிற ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பக்கத்துக்கு வர்ணனை. எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளோடு பேசவும் அவள் போனில் வரவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போனை எடுத்து ஒரு குரல் செய்தி அனுப்பினேன்: "கஸ்தூரி, இது என்ன சின்னப்பிள்ளைக் கதை? பயந்து கதவைச் சாத்திக்கிட்டு உட்காந்திருக்கிறவங்களை எப்படி அறிவுள்ள உயிர்னு சொல்றது? பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் நம்ம புத்தகத்துல இடம் கிடையாது. மாத்தி எழுது."

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக்தான் விழுந்தது. அதற்குப் பிறகு அனுப்பிய எல்லாவற்றுக்கும் அதே ஒற்றை டிக். போன் அடித்தால் மணியே போகவில்லை. முதல் வாரம் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் கீழே விழுந்து கிடக்கிறாளோ என்று நினைத்தேன். ஆறாவது வாரம் ஐந்து நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவள் வீட்டு முகவரி என்னிடம் இருந்தது. பள்ளிக்கு ஒருமுறை புத்தகங்கள் அனுப்பியிருந்தாள், அந்தப் பார்சல் உறையைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து லாட்ஜில் அறை. பெட்டியின் நம்பர் பூட்டைத் திருப்பித் திறந்து, குளித்துவிட்டுக் கீழே இறங்கி ஒரு மெஸ்ஸில் காபி கேட்டேன். விரலளவு டம்ளரில் வந்தது. எங்கள் ஊரில் ஒரு குவளை தே தாரேக், அதாவது நுரைபொங்க ஆற்றிய பால் டீ, குடித்தால் மதியம் வரைக்கும் தாங்கும். இங்கே மூன்று மிடறில் முடிந்துவிட்டது, ஆனால் அந்த மூன்று மிடறுக்கே தலைவலி போய்விட்டது. லாட்ஜ் மேனேஜர் நல்ல மனிதர். அவருடைய போனை வாங்கிக் கஸ்தூரிக்கு அடித்துப் பார்த்தேன். சுவிட்ச் ஆஃப். "நம்பரை மாத்தியிருப்பாங்கம்மா" என்றார். "அப்படியே ரிங் போனாலும் தெரியாத நம்பர்னா இப்ப யாரும் எடுக்கறதில்ல. நானே எடுக்கமாட்டேன்."

மறுநாள் காலையில் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் பெருங்களத்தூர் கிளம்பினேன். பொங்கல் பண்டிகைக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஜிஎஸ்டி ரோடு முழுக்கத் தெற்கே போகிற பஸ்ஸும் காரும், பஸ் நிறுத்தத்தில் பைகளோடு நிற்கிற குடும்பங்களும். எட்டு பேரோடு இடுக்கி உட்கார்ந்திருந்த நான் இறங்கவேண்டிய இடத்தில் "நிறுத்துங்க" என்று சொன்னது டிரைவர் காதில் விழவில்லை. வண்டலூர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நடந்தேன். என் மனது கெட்டதையே நினைத்துக்கொண்டிருந்தது. கதவை உடைத்துத் திறக்கவேண்டியிருக்குமோ, யாரிடம் சொல்லவேண்டும், இந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்?

கஸ்தூரியின் அடுக்குமாடி வளாகத்துக்குப் பெரிய கேட். அதில் ஏழுமலை என்ற காவல்காரர், கையில் ஒரு போன்.

"எந்த வூடு மேடம்?"

"பி பிளாக், நாலாவது மாடி, கஸ்தூரி. நான் மலேசியாவுலேர்ந்து வரேன்."

"ஆப்ல போட்டாத்தான் உள்ள வுடுவோம். அவங்க போனுக்குப் போவும், அவங்க ஓகே குட்த்தா நீங்க போலாம்." ஒரு விரலால் தட்டிக்கொண்டே வந்தவர், "வண்டி நம்பர் இன்னா?" என்றார்.

"வண்டி இல்லை அண்ணா. ஷேர் ஆட்டோவுல வந்தேன்."

"நம்பர் இல்லாம அடுத்த பக்கம் போவாது மேடம். நாலு நம்பர் போட்டே ஆவணும்." அவரே நாலு பூஜ்யம் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். பெயர் கேட்ட இடத்தில் 'மலேஷியா மேடம்' என்று அடித்திருந்தார். பரவாயில்லை, இது இன்னும் நன்றாகப் புரியும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

காத்திருந்தோம். பதில் வரவில்லை, டைம் அவுட். மறுபடி அனுப்பினார், மறுபடியும் டைம் அவுட். இண்டர்காம் இல்லையா என்று கேட்டேன். ஆப் வந்ததிலிருந்து அதை யாரும் ரிப்பேர் செய்யவில்லையாம். அந்த அம்மாவைப் பார்த்திருக்கிறீர்களா என்றால், வேலைக்குச் சேர்ந்தே ஒரு மாதம்தான், இத்தனை வீட்டில் யாரை என்று பார்ப்பது என்றார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவருக்கே பாவமாக இருந்திருக்கவேண்டும். "வெயில்ல நிக்காதீங்க மேடம், பேஜாராப் பூடும். நாளைக்கு வாங்க, போட்டுப் பாக்கலாம்" என்றார். கேட்டுக்கு வெளியே நின்று நாலாவது மாடியை எண்ணிப் பார்த்தேன். எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி மூடியிருந்தன. அன்று முழுக்க எனக்கு எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் கேட்டில் நின்றேன். இந்தத் தடவை ஏழுமலையிடம் எழுத்துக் கூட்டிச் சொல்லி 'தேவகி' என்று போடவைத்தேன். வண்டி நம்பர் இடத்தில் பழையபடி நாலு பூஜ்யம். அனுப்பி அரை நிமிடம்கூட ஆகவில்லை. போன் டிங் என்றது. ஏழுமலையின் முகம் சுருங்கியது.

"ரிஜெக்ட் பண்ணிட்டாங்க மேடம்."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. "அண்ணா, ரிஜெக்ட்தானே? டைம் அவுட் இல்லையே? அவங்க கையாலதான் அமுக்கினாங்களா?"

"அவங்கதான் அமுக்கணும். இன்னா மேடம், ரிஜெக்ட்டுக்குப் போய் இவ்ளோ குஷியா கீறீங்க?"

எப்படி அவருக்குப் புரியவைப்பது? வருடக்கணக்காக வானத்துக்குக் காது கொடுத்துக் காத்திருக்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். மேலே இருந்து 'போடா' என்று ஒரு வார்த்தை வந்தாலும் போதும், ஊரைக் கூட்டிக் கொண்டாடுவார்கள். கஸ்தூரி உயிரோடு இருக்கிறாள். விரல் ஆடுகிறது. என் பெயரைப் படிக்கிறாள்.

பத்து நிமிடத்தில் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. என் பெயரைப் படித்துவிட்டுத்தானே வேண்டாம் என்கிறாள்? அப்படியானால் இது கோபம். நாலு வருடச் சிநேகிதத்தை என் வாயால் கெடுத்துக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் இளநீர் குடித்துக்கொண்டு நின்றபோது, ஒருவரையும் கேட்காமல் ஊர் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் பாபு நினைவுக்கு வந்தார். கஸ்தூரியின் தம்பி. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் தகடு வளைத்து வெல்டிங் செய்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் பள்ளியில் வானத்தைக் கேட்க வைத்திருக்கிற பெரிய தகரப் புனல் அவர் செய்து அனுப்பியதுதான், அதில் பட்டறையின் பெயர் பொறித்திருந்தது.

ஆட்டோ பிடித்தேன். டிரைவர் பேச்சுக்காரர். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார், வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிப் புத்தகம் எழுத வந்தேன் என்று சொல்லிவைத்தேன். "அவுங்க ஏன் இன்னும் வர்லன்னு நான் சொல்லட்டா மேடம்? வந்திருப்பான். மேலேர்ந்து ஜிஎஸ்டி ரோட்ட பாத்திருப்பான். எறங்க எடம் எங்க கீது? அப்டியே யூ டர்ன் அட்ச்சிருப்பான்." வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

பட்டறையில் மெஷின் சத்தம் காதைப் பிளந்தது. பாபு உயரமான ஆள், கையெல்லாம் கிரீஸ். நான் மலேசியா தேவகி என்று சொன்னதும் மெஷினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். சத்தம் நின்றதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"இன்னா தைரியம் இருந்தா நேர்லயே வருவீங்க? எங்க அக்காகிட்ட இன்னும் இன்னா கீதுன்னு வந்தீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டார், கொடுத்தேன். போட்டோ எடுத்துக்கொண்டார். போலீசில் கொடுப்பேன் என்றார், கொடுங்கள் என்றேன். நான் அழ ஆரம்பித்ததைப் பார்த்தோ என்னவோ, ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளி உட்காரச் சொன்னார். பிறகு நின்றபடியே கோபமாகச் சொன்னார்.

ஆறு வாரத்துக்கு முன் வெளிநாட்டு நம்பரிலிருந்து கஸ்தூரிக்கு ஒரு போன். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, விசாரணை முடிகிறவரை யாரிடமும் மூச்சுவிடக்கூடாது, உங்கள் போனை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து வீடியோவில் போலீஸ் உடுப்புப் போட்ட ஒருவன். டிஜிட்டல் அரெஸ்டாம். எழுந்து போனால்கூட அவனிடம் அனுமதி கேட்கவேண்டும். அவள் போன் திரையை முழுக்க அவனுக்குக் காட்டவைத்து, ஒவ்வொரு செய்தியாகப் படித்திருக்கிறான்.

"உங்க பேரப் பாத்துட்டு, மலேசியால கீறாளே தேவகி, அவதான் பார்சல் அனுப்பிச்சவன்னு சொன்னான். சனிக்கிழமை சாயங்காலம் நான் பிரியாணி எட்த்துக்கினு போனேன். அக்கா கதவத் தெறக்கல. ஸ்பேர் சாவி போட்டுத் தெறந்தா, போன் முன்னாடி கைய கட்டிக்கினு உக்காந்துனு கீது. ரெண்டு நாளா தூக்கம் இல்ல, சோறு இல்ல. திங்கட்கெழம பேங்க்கு தெறக்கட்டும்னு காத்துக்கினு இருந்தானுங்க. காசு போகல. ஆனா அக்கா போச்சு. வெளிய வராது, பெல் அட்ச்சா நடுங்குது. நம்பர் மாத்தி, ஃபாரின் நம்பர் எல்லாத்தையும் பிளாக் பண்ணி வெச்சிருக்கேன்."

சனிக்கிழமை சாயங்காலம். நான் அந்தக் குரல் செய்தியை அனுப்பியதும் அதே சனிக்கிழமை சாயங்காலம்தான்.

என் போனைத் திறந்து நாலு வருடச் செய்திகளையும் பாபுவிடம் காட்டினேன். குரல்களைப் போட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். "அதெல்லாம் அவனுங்ககிட்டயும் கீது. ரெண்டு நாளா அதத்தான படிச்சானுங்க? நீங்கதான் நெஜ தேவகின்னு நான் எத வெச்சி நம்பறது? நான் நம்புனாலும் அக்கா எப்டி நம்பும்? நேத்து மலேஷியான்னு வந்ததப் பாத்துட்டு நைட்டெல்லாம் அழுதுகினு இருந்துச்சு." ஆனாலும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிளம்பும்போது, சாப்பிட்டீர்களா என்று கேட்டு, பட்டறை ஆட்களுக்கு வந்திருந்த எலுமிச்சைச் சாதத்தில் ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். திருடியோ இல்லையோ, பசியோடு அனுப்ப மனசில்லை போலிருக்கிறது.

லாட்ஜுக்குத் திரும்புகிற வழியெல்லாம் ஒரே யோசனை. இது எங்கள் புத்தகத்தின் இரண்டாவது அத்தியாயத்தில் வருகிற கேள்விதான். வானத்திலிருந்து ஒரு சத்தம் வந்தால், அது அறிவுள்ள உயிர் அனுப்பியதுதான் என்று எப்படி நம்புவது? இயற்கை தானாகச் செய்யமுடியாத ஏதாவது அதில் இருக்கவேண்டும். இங்கே இயற்கை இல்லை, திருடன். திருடனுக்குத் தெரியாத ஏதாவது வேண்டும். நாங்கள் எழுதியதெல்லாம் அவன் கையில். எழுதாதது என்ன இருக்கிறது? வழியில் தாம்பரம் மார்க்கெட்டில் கரும்புக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஆட்டோ நகரவில்லை. எனக்கு மறுநாள் ஒரு நாள்தான் பாக்கி. அதற்கு அடுத்த காலை விமானம்.

அறைக்கு வந்து மாற்றுப் புடவை எடுக்கப் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். விரல் பழக்கத்தில் பூட்டைத் திருப்பியது. ஒன்று, நாலு, இரண்டு, பூஜ்யம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஹைட்ரஜன் அணு தானாக விடுகிற வானொலி அலைக்கு 1420 மெகாஹெர்ட்ஸ். பிரபஞ்சத்தில் ஹைட்ரஜன்தான் அதிகம். அதனால் எந்த மூலையில் இருக்கிற அறிவுள்ள உயிருக்கும் இந்த அலை தெரிந்திருக்கும், பேச நினைத்தால் இதன் பக்கத்தில்தான் பேசும் என்று பலபேர் அதிலேயே காது வைத்துக் காத்திருக்கிறார்கள். போன வருடம் நான் இந்தப் பெட்டியை வாங்கியபோது போனில் கஸ்தூரி சொன்னாள்: "பூட்டுக்கு 1420 வெச்சுக்கோ. நானும் அதான் வெச்சிருக்கேன். எங்க நாலு நம்பர் கேட்டாலும் அதான் போடுவேன். நமக்கு மறந்தாலும் பிரபஞ்சத்துக்கு மறக்காது." அப்புறம், "ஆனா மெகாஹெர்ட்ஸ் நம்ம கணக்கு, அவங்க கணக்கு வேற" என்று தன்னைத்தானே திருத்திக்கொண்டாள். கணக்கு டீச்சர் அல்லவா? அதெல்லாம் பேசியதுதான். எங்கேயும் எழுதவில்லை.

நாலாம் நாள் காலை ஏழு மணிக்கே கேட்டில் நின்றேன். ஏழுமலை என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "மேடம், மறுபடியும் ரிஜெக்ட் பண்ணப் போறாங்க. எனக்குத்தான் திட்டு வுழும்."

"கடைசித் தடவை அண்ணா. பேர் இடத்துல எதுவேணாலும் போடுங்க. வண்டி நம்பர் மட்டும் நான் சொல்றதைப் போடுங்க."

"இன்னிக்கு வண்டில வந்தீங்களா?"

"ஆமாம்" என்றேன். பொய்தான். "1420."

அவர் தட்டினார். சுற்றுமுற்றும் எட்டிப் பார்த்து வண்டியைத் தேடினார். நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. டைம் அவுட் ஆகப்போகிறது என்று ஏழுமலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிங் என்றது.

"அட! அப்ரூவ் குட்த்துட்டாங்க!"

நாலாவது மாடிக்கு லிப்டில் போனேன். அவள் வீட்டுக் கதவு சங்கிலி போட்டபடி ஒரு கையளவு திறந்திருந்தது. இடுக்கில் ஒரு கண்ணும் நரைத்த முடியும் தெரிந்தன. நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குட்டையானவள்.

"வண்டி எங்க?" என்றாள். நாலு வருடமாகக் கேட்ட குரல்.

"வண்டி இல்லைடி" என்றேன். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. சங்கிலி கழன்றது.

வீட்டில் காய்கறி இல்லை என்று உப்புமா கிளறினாள். ரவையில் பாதி அடுப்பில் கொட்டியது. நான் அவளை உட்காரவைத்துவிட்டுக் கிளறினேன். என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்தக் கடைசி சாப்டர் இருக்கே தேவகி. அது சாப்டர் இல்ல. முதல் கால் வந்த அன்னைக்கே எழுதினது. யார்கிட்டயும் சொல்லக்கூடாது, எல்லாத்தையும் பாக்கறோம்னு சொன்னாங்க. கதவுக்குப் பின்னாடி நிக்கிற பொண்ணுன்னு எழுதினா உனக்கு மட்டும் புரியும்னு நெனச்சேன்."

கையில் எடுத்த உப்புமாவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இத்தனை வருடம் எங்கிருந்தாவது ஒரு செய்தி வருமா என்று காது கொடுக்கிறவள் நான். வந்தது. என் கைக்கே வந்தது. எழுத்து சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன்.

"என் குரல் செய்தி?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்கமுடியவில்லை.

"ஸ்பீக்கர்ல போடச் சொன்னான். தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் அவன்கூட இருந்தான். உன் ஃப்ரெண்டே உன்னைப் பயந்தாங்கொள்ளிங்கறான்னு சொல்லிச் சிரிச்சாங்க."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அது போதாது என்று தெரிந்து மறுபடியும் சொன்னேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் உப்புமா வைத்தாள். "நீ என்ன பண்ணுவே? உனக்குத் தெரியாதே" என்றாள். அப்புறம், "ஆனா ரொம்ப வலிச்சது" என்றாள். அதையும் அவள் சொன்னது நல்லதுதான்.

சாயங்காலம் வரைக்கும் அங்கே இருந்தேன். இடையில் அவளே பாபுவுக்குப் போன் செய்து, இது நிஜமான தேவகிதான், அவள் நம்பரை மட்டும் திறந்துவிடு என்றாள். கிளம்பும்போது வாசலோடு நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். செருப்பைத் தேடினாள். ஆறு வாரமாகப் போடாததால் அது சோபாவுக்கு அடியில் போயிருந்தது. லிப்டில் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், விரல் பதிந்த இடம் வலித்தது. கேட்டில் ஏழுமலை எழுந்து நின்றார்.

"மேடம், நீங்கதானா பி பிளாக் நாலாவது மாடி?"

"நான்தான்" என்றாள் கஸ்தூரி. அதற்குமேல் ஒரு நிமிடம்கூட அவளால் அங்கே நிற்கமுடியவில்லை. என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். நான் ஜிஎஸ்டி ரோட்டில் ஊருக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

தைப்பிங் வந்து சேர்ந்த சனிக்கிழமை, மன்றத்துப் பிள்ளைகள் பதினெட்டு பேரும் வழக்கம்போலச் சுற்றி உட்கார்ந்தார்கள். கேட்டில் வண்டி நம்பர் சொன்ன கதையையும், அந்த அத்தியாயத்தில் ஒரு எழுத்தும் மாற்றப்போவதில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்து அறுந்தது. இரண்டாம் முறையும் அறுந்தது. முன் வரிசையில் இருந்த கவிதா, "டீச்சர், ஆள் இல்லையா?" என்று கேட்டாள்.

நாலு வருடமாக இந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்த பதில் ஒன்றுதான். அன்று சொல்லவில்லை. "இருக்காங்க" என்றேன். "கதவுகிட்ட வந்திருப்பாங்க. கொஞ்சம் பொறுங்க."

மூன்றாம் முறை அடித்தபோது மணி நின்றது. ஹலோ இல்லை. யாரோ மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் கையை உயர்த்திப் பிள்ளைகளை அடக்கினேன். வகுப்பில் மின்விசிறி ஓடுகிற சத்தம் தவிர வேறெதுவும் இல்லை.

"வண்டி நம்பர் என்ன?" என்று கஸ்தூரி கேட்டாள்.

பதினெட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.